சில்வர் பெயிண்டும் படகின் முள்ளும்

கண்ணா,

உனக்குக் கொடுத்த வாக்கை இன்று காலை மீறிவிட்டேன். ஏழுமலை மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேறு யாராவது உனக்கு போன் செய்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் பூஜைப் பாத்திரங்களைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் நம் நகரின் வாட்ஸ்அப் குழுவிலும் போகப் போகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். புதிதாகக் குடிவந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

அந்தப் பெருவெள்ளத்தின்போது நாம் மொட்டை மாடியில் உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று வழி பார்த்துக்கொண்டிருந்தது உனக்கு மறந்திருக்காது. மீனவர்கள் லாரியில் படகு ஏற்றிவந்து நம்மை இறக்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் ஏழுமலை ஒரே பிடியாக நின்றார். "நம்ம கிட்டயே ஒரு போட் இருக்கணும். அட்த்த வாட்டி எவன் வருவான்னு ஆகாசத்த பாத்துனு உக்கார முடியாது." நாம் வீடு கட்டியிருப்பது அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே தேங்கும் என்பது நம் இன்ஜினியர்களைவிட அவருக்குத் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் வீட்டிலும்தான் தண்ணீர் புகுந்தது. ஆனால் படகு விஷயத்தில் அவர் பேச்சு சரியாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இழுத்து மூடிய ஒரு படகுத் துறையிலிருந்து பழைய ஃபைபர் படகும் மோட்டாரும் வாங்கினோம். தாம்பரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி லாரியில் அது வந்தபோது, "மச்சான், முடிச்சூர்ல ஹார்பர் கட்றாங்களாடா?" என்று ஒருவன் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிக் கேட்டான். ஏழுமலையின் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில், தகரக் கொட்டகையின் கீழ், டிரெய்லர் மேல் அதை நிறுத்தினோம். அடுத்த ஐப்பசியில் யாரும் சிரிக்கவில்லை.

படகை ஓட்ட நீதான் முன்வந்தாய். கோவளத்துப் பக்கம் போய் ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்தாய். மற்றவர்கள் எல்லாம் படகில் ஏறி செல்ஃபி எடுத்ததோடு சரி.

மோட்டாருக்கு நீளமாக ஒரு கால் உண்டு. அதன் அடியில் விசிறி. பட்டனை அழுத்தினால் கால் ஏறும், இறங்கும். ஆழமான தண்ணீரில் காலை இறக்கி வைக்க வேண்டும், ஆழம் குறைந்தால் ஏற்றிக்கொள்ள வேண்டும். கடலில் ஓட்டுகிறவனுக்கு இது வேகத்துக்கும் பெட்ரோலுக்குமான கணக்கு. நம் தெருவில் ஓட்டுகிறவனுக்கு உயிர்க் கணக்கு. செம்மண் நிறத் தண்ணீருக்கு அடியில் காம்பவுண்டு சுவர் இருக்கும், கார் இருக்கும், மனிதர்களின் கால்கள் இருக்கும். ஓட்டுகிறவன் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பதால், பின்னால் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட அவன் கண்ணுக்கு நேராக ட்ரிம் மீட்டர் வைத்திருக்கிறார்கள். வட்டமான சின்ன முகம், அதில் ஒரே ஒரு முள். முள் மேலே இருந்தால் கால் மேலே, கீழே இருந்தால் கால் கீழே. அதற்கு வேறு வேலை கிடையாது.

அந்த முள்ளையும் நம்பாமல் நீ ஒரு பழக்கம் ஏற்படுத்தினாய். படகைத் தண்ணீரில் விடும் முன் ஒருவர் சீட்டில் உட்கார வேண்டும், இன்னொருவர் பின்னால் போய் மோட்டாரைப் பார்த்து நிற்க வேண்டும். "முள்?" "மேல." "கால்?" "மேல." இறக்கிவிட்டு மறுபடியும் அதே கேள்வி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சர்வீஸ் முழுக்க வயரோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால் பின்னால் நிற்கும் வேலையை எனக்குக் கொடுத்தாய். அம்மாவும் பிள்ளையும் பூஜை மந்திரம் சொல்கிறார்கள் என்று தெருவே கிண்டல் செய்தது. எனக்கு அதில் பெருமைதான்.

போன வருடம் ஏரித் தண்ணீர் திறந்துவிட்ட அன்றும் காலையில் கேட்டோம். முள்ளும் காலும் ஒன்றாகவே இருந்தன. அதை நான் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு நான் மூங்கில் கழியோடு முன்னால் வந்துவிட்டேன். மெயின் ரோட்டில் ஆழம் அதிகம், காலை இறக்கி ஓட்டினாய். ஏழுமலை வீட்டுத் தெருவுக்குத் திரும்பியபோது முள்ளைப் பார்த்தாய். மேலே இருந்தது. ஏற்கெனவே ஏற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாய். பின்பக்கம் முழுக்க ஆட்கள், மடியில் பிள்ளைகள், மூட்டைகள். திரும்பினாலும் மோட்டார் தெரிந்திருக்காது. அவர் மனைவி வசந்தா மார்பளவு தண்ணீரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை, அப்படியே நில்லுங்க, நான் வரேன்" என்றாய். நியூட்ரலில் போட்டாய். நான் கழியை ஊன்றித் தள்ளினேன். படகு போய்க்கொண்டே இருந்தது, திடீரென்று பின்னால் எதிலோ மாட்டி நின்றது. நின்ற வேகத்தில் பின்பக்கம் சுழன்று கேட்டுப் பக்கம் போனது. வசந்தா அலறினாள். தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறியதை நான் பார்த்தேன். இன்றைக்கும் ரசம் தாளிக்கும்போதுகூட அது கண் முன்னால் வந்து நிற்கிறது.

கீழே இறங்கியே இருந்த கால் காம்பவுண்டு சுவரில் மாட்டித் திரும்பி, விசிறிக்கு அடியிலுள்ள தகடு அவள் முழங்காலுக்குக் கீழே கிழித்திருந்தது. நீ நியூட்ரலில் போட்டிருந்ததால் விசிறி சுற்றவில்லை. சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. ஏழுமலை சன்ஷேடிலிருந்து தண்ணீரில் குதித்து வந்து, படகைப் பிடித்து ஏறி, உன்னைக் கன்னத்தில் அறைந்தார். "மீட்டர பாத்துனு இருந்தியா, மனுசங்கள பாத்துனு இருந்தியா? பின்னால இன்னா கீதுன்னு திரும்பிப் பாக்கத் தெரியாதா ஒனக்கு?" படகு நிறைய ஜனம். இரண்டு பக்கமும் மொட்டை மாடிகளில் ஜனம். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. காலை ஏற்றினாய், இந்த முறை திரும்பி நின்று கண்ணால் பார்த்து ஏற்றினாய். கன்னத்தில் விரல் பதிந்திருக்க, வசந்தாவை ஆம்புலன்ஸ் நின்ற மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாய். உன்னைப் பெற்றவள் கையில் மூங்கில் கழியோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கழியை அவர் மேல் வீசவில்லை என்று உன் அப்பா இன்றும் ஆச்சரியப்படுகிறார்.

தண்ணீர் வடிந்ததும் நாம் இருவரும் கொட்டகைக்குப் போனோம். சாவி போட்டோம். முள் மேலே, கால் கீழே. மீட்டரின் பின்னால், மோட்டாரிலிருந்து வரும் வயரைக் கழற்றினாய். முள் மேலேயே நின்றது. அந்த முனையை எர்த்தில் தொட வைத்தேன். முள் சொன்ன பேச்சைக் கேட்டுக் கீழே வந்தது. ஆக, மீட்டர் நல்ல மீட்டர். பின்னால் போய், காலின் அசைவை அளக்கும் சென்சாரில் மல்டிமீட்டர் வைத்தோம். காலை ஏற்ற ஏற்ற எண் ஒழுங்காக மாறியது. சென்சாரும் நல்ல சென்சார். மிச்சம் இருந்தது அதன் கறுப்பு எர்த் வயர் மட்டும். அது மோட்டாரைப் பிடித்திருக்கும் இரும்பில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. போல்ட்டைக் கழற்றினாய். வளையத்துக்கு அடியில், இரும்புக்கு மேலே, பளபளவென்று சில்வர் பெயிண்ட்.

ஆயுத பூஜைக்கு ஏழுமலை அடித்த பெயிண்ட். வருடா வருடம் அவர் கடையில் ஷட்டர், தராசு, டிவிஎஸ் வண்டி எல்லாவற்றுக்கும் ஒரு கோட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறவர். படகை மட்டும் விடுவாரா? ஆசையாக, ஒரு மூலை விடாமல், வயரைத் தூக்கி அடியிலும் அடித்திருக்கிறார். பெயிண்ட் இருந்தால் எர்த் சேராது. எர்த் விட்டுப்போனால் இந்த மீட்டருக்கு எப்போதும் கால் மேலேதான். காலையில் எங்கேயோ துளி ஒட்டிக்கொண்டு சரியாகக் காட்டிய முள், மோட்டார் அதிர்ந்ததும் விட்டுவிட்டது. நீ கத்தியால் சுரண்டி மாட்டினாய். முள் ஒழுங்காக இறங்கியது. நான் உடனே எழுந்தேன். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தத்தான் எழுந்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"யாருக்கும் சொல்லாதம்மா. மாமா தன் கையால அடிச்சது. அத்தை கால் அப்படி ஆனதுக்கு அதான் காரணம்னு தெரிஞ்சா அவரால தாங்க முடியாது. மீட்டர் பழசுன்னு சொல்லிக்கலாம். அவர் என்னைத் திட்டிட்டுப் போகட்டும்." என் தலையில் கை வைத்து வாக்கு வாங்கினாய். பிறகு, ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்த புனே மாற்றலை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். தாம்பரம் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, ஏழுமலை கடை வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது உனக்குத் தெரியும்.

நீ செய்தது நல்ல மனதோடு செய்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேறொருவன் உடைத்த குழாய்க்கு நீ முட்டி போட்டவன். ஆனால் இதைக் கேள். உன் அப்பா சுகர் இருப்பதை நம்மிடம் சொல்லாமல் மூன்று தீபாவளி கொண்டாடினார். கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். நம்மைக் கவலைப்படுத்தக் கூடாதாம். கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் மயங்கி விழுந்தபோது, அவரைத் தூக்கிய பூக்காரம்மாவுக்கு அவருக்கு என்ன வியாதி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைப்போல் வேறு யார் மேலும் வந்ததில்லை. நாளை உனக்கும் ஒருத்தி வருவாள். அவளிடம் அன்பு காட்டுவதாக நினைத்துக்கொண்டு இந்த மாதிரி எதையும் மறைத்து வைக்காதே. நல்ல மனதோடு தப்பாகக் காட்டினாலும் முள் தப்பாகத்தான் காட்டுகிறது. அதை நம்பி ஒருத்தர் படகைத் திருப்புவார்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்குப் பூ கொடுக்கக் கொட்டகைக்குப் போனால், மோட்டார் பாத்திரக் கடை அண்டாவைப்போல் மின்னுகிறது. ஏழுமலை கையில் பிரஷ், முகம் முழுக்கச் சந்தோஷம். "பாத்தீங்களா அக்கா? இந்த வாட்டி போல்ட்ட கூட உடல. கயட்டி பெயிண்ட்ல முக்கி மாட்டிகீறேன். பத்து வருசத்துக்குத் துரு புடிக்காது." நீ போன பிறகு ஓட்ட ஆள் இல்லை என்று இந்த வருடம் அவரே ஓட்டப் போவதாகக் கமிட்டியில் சொல்லியிருக்கிறார். டிவியில் காலையிலிருந்து மழை, மழை என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தால் உன் வாக்கு போகும். மூடிக்கொண்டால் இன்னொரு கேட்டில் இன்னொருத்தி நிற்பாள்.

"ஏழுமலை, கொஞ்சம் சீட்ல உக்காருங்க" என்றேன். "சாவி போடுங்க."

"இன்னாத்துக்கு அக்கா?"

"நீங்கதானே ஓட்டப் போறீங்க. முள் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"மேல கீது."

"கால் கீழ இருக்கு."

பட்டனை அழுத்தி ஏற்றச் சொன்னேன். மோட்டார் முனகிக்கொண்டே ஏறியது. "முள்?" "மேலதான் கீது." "கால் இப்பதான் மேல வந்துச்சு." மறுபடியும் இறக்கச் சொன்னேன். அவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து காலைப் பார்த்தார். திரும்பப் போய் முள்ளைப் பார்த்தார். மறுபடியும் வந்து காலைப் பார்த்தார். "மீட்டரு பேஜாரா?" என்றார். மீட்டரின் வயரைக் கழற்றி எர்த்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முள் இறங்கியது. "மீட்டரு நல்லாத்தான் கீது" என்றார், குரல் இறங்கிவிட்டது. கொட்டகையிலிருந்த மல்டிமீட்டரை அவர் கையில் கொடுத்தேன், சென்சாரையும் அவரே பார்த்தார். அதன் பிறகு அவராகவே கறுப்பு வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய் அந்த போல்ட்டில் நின்றார். ஸ்பேனர் எடுத்துக் கழற்றினார். பெயிண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசமும் நான்தான அடிச்சேன்" என்றார். "தம்பிக்குத் தெரியுமா?" என் முகம் சொல்லிவிட்டது. வார்த்தையால் வாக்கை மீறவில்லை என்று நான் வக்கீல் பேச்சுப் பேசப் போவதில்லை. வேண்டுமென்றேதான் அவரை அந்த போல்ட் வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன்.

அவர் டிரெய்லர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அடிச்சேனே அக்கா. அத்தினி பேரு பாக்கசொல்ல அடிச்சேனே. அந்தப் புள்ள ஒரு வார்த்த சொல்லலியே." அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் வீடு மூழ்கியபோதுகூட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்தவர் சாமான் தூக்கியவர். ஒரு வருடமாக அவர் மேல் நான் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நீயும் ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருக்கலாம்னு நானே அவன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, உண்மை. நீ திரும்பிப் பார்த்திருக்கலாம். நானும் பார்த்திருக்கலாம். அதை நீ தெரிந்தே சுமக்கிறாய். அவர் பங்கு அவருக்குத் தெரியாமலே இருந்தது.

பிறகு எழுந்து கடைக்குள் போய் உப்புத்தாள் கொண்டுவந்தார். போல்ட்டிலும் அதன் அடியிலும் ஆசையாக அடித்ததையெல்லாம் தேய்த்து எடுத்தார். வெறும் இரும்பு தெரிந்தது. வயரை மாட்டி சீட்டில் ஏறி, நான் கேட்பதற்கு முன்னாலேயே "முள் கீழ" என்றார். "கால் கீழ" என்றேன். பூஜைக்கு வசந்தா வந்தாள். இன்னும் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். அவளிடம் மறைக்காமல் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, தையல் போட்ட காலை ஒருமுறை தடவிக்கொண்டாள். ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்தாள், மீட்டருக்கு வைத்தாள், மோட்டார் தலைக்கு வைத்தாள். அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் போன விரலை மட்டும் இழுத்துக்கொண்டாள். "இதுக்கு வேணாம். இதும்மேல எதுவும் வேணாம்" என்றாள்.

சாயங்காலம் ஏழுமலை நம் வீட்டுக்கு வந்தார். ஒரு வருடம் கழித்து நம் படி ஏறுகிறார். படகுச் சாவியை நம் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "ஓட்றவன் வூட்லயே இருக்கட்டும்" என்றார். பிறகு, "ஊரு பாக்க அடிச்சேன். ஊரு பாக்கவே எழுதிப் போட்ருங்க அக்கா. நான் எழுத உக்காந்தா கை ஓட மாட்டுது" என்றார். அதனால்தான் இது எல்லோருக்குமான கடிதமாகிவிட்டது.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஆபீஸில் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுகிறார்களாமே, மழை முடியும் வரைக்கும் கேட்டுப் பார். முடியாது என்றால் நாலு நாள் வந்து அவருக்கு ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ. நாளைக் காலையில் பூஜையிலிருந்து சாவியை எடுக்க வேண்டும். மழை இப்போது ஜன்னல் கம்பியில் அடிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

உன் போனில் மதியத்திலிருந்து மிஸ்டு கால்கள் இருக்கும். பேர் இல்லாத நம்பர். அது அவர்தான், நம்பரை மாற்றிவிட்டார். ஒரு ரிங் போனதும் பயந்து கட் பண்ணிவிடுகிறார். நீ கூப்பிடு. எடுத்தால் அவருக்குப் பேச்சு வராது. மன்னிப்பு அது இது என்று அவரை இழுக்காதே, நீயும் பெரிய மனதாகப் பேசாதே. "முள் எங்க மாமா?" என்று மட்டும் கேள். அவர் பதில் சொல்கிற வரைக்கும் போனை வைத்துவிடாதே.

அம்மா